கார் ஹெடரும் ஒரு எக்ஸெல் ஷீட்டும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் "எக்ஸெல் பழகிவிட்டீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "நம் வீட்டில் அதற்கு என்ன வேலை? மளிகைக் கணக்குக்கு நோட்டே போதுமே!" என்பார்கள். எனக்கு எக்ஸெல் நன்றாகவே தெரியும். அலுவலகத்தில் நாள் முழுவதும் அதில்தான் இருக்கிறேன். ஆனால் சொந்தப் பணத்தைச் செலவழிக்கும்போது அதைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. அதற்கு நான் கட்டிய அபராதம் 1,700 டாலருக்கு மேல். ஒரு காரின் புகைக்குழாய்க்காக!

கதையைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்தில் டாம்பா நகரில் வேலை பார்த்தபோது, 2013 மாடல் சையான் எஃப்ஆர்-எஸ் கார் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து உருவாக்கிய இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் இது. சுபாரு இதையே பி.ஆர்.இசட். என்று விற்றது. என்ஜின் 1998 சி.சி., நான்கு சிலிண்டர். சிலிண்டரின் விட்டமும் 86 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் 86 மி.மீ. 7000 ஆர்.பி.எம். வேகத்தில் 200 குதிரைத்திறன் தரும். டார்க் எனப்படும் முறுக்குவிசை அதிகபட்சம் 205 நியூட்டன் மீட்டர். அது கிடைப்பதோ 6400 முதல் 6600 ஆர்.பி.எம். வரை.

ஓட்டுவதற்கு அருமையான வண்டி. ஆனால் ஒரு குறை எல்லோருக்கும் தெரியும். 3500-க்கும் 4500-க்கும் நடுவில் டார்க் வரைபடத்தில் ஒரு பள்ளம் விழும். நெடுஞ்சாலையில் ஒரு லாரியை முந்தலாம் என்று மிதித்தால், சரியாக அந்த இடத்தில் வண்டி கொஞ்சம் யோசிக்கும். "ஹெடரை மாத்துங்க பாஸ், சரியாயிடும்" என்றார் நண்பர் ஒருவர். நான்கு வீடியோ பார்த்தேன். எதில் சத்தம் நன்றாக இருந்ததோ அதை 420 டாலருக்கு ஆர்டர் செய்தேன். நான் ஹெடர் தேர்ந்தெடுத்த முறை அவ்வளவுதான். அதை வாங்கும் முன் வீட்டுக் கம்ப்யூட்டரில் என்னென்ன பார்த்திருக்க வேண்டும் என்பதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

ஹெடர் என்றால் என்ன?

என்ஜினின் ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் எரிந்த புகை வெளியே வர ஒரு வாசல் உண்டு. நான்கு வாசல்களையும் ஒரே குழாயில் சேர்க்கும் பாகம்தான் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. சாதாரணக் கார்களில் இது பெரும்பாலும் குட்டையான வார்ப்பிரும்புத் துண்டாக இருக்கும். அதையே வளைத்த எஃகுக் குழாய்களால், நீளமும் விட்டமும் கணக்குப் பார்த்துச் செய்தால் அதற்கு ஹெடர் என்று பெயர். கார் கம்பெனி போட்டுத் தராமல் வெளியில் விற்பதை ஆஃப்டர் மார்க்கெட் ஹெடர் என்கிறார்கள்.

வெறும் குழாய்க்கு ஏன் இவ்வளவு கணக்கு? வேகமாகப் போகும் ரயிலின் பின்னால் பிளாட்பாரத்துக் காகிதங்கள் இழுபட்டுப் போவதைப் பார்த்திருப்பீர்கள். புகையும் அப்படித்தான். எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாயில் ஓடும். நான்கு குழாய்களும் சேரும் கலெக்டரை அடைந்ததும், குழாய் திடீரென்று அகலமாவதால், அந்த அலையின் ஒரு பகுதி தலைகீழாகி, அதாவது உறிஞ்சும் அலையாக, வால்வை நோக்கித் திரும்பும். எக்ஸாஸ்ட் வால்வு மூடிக்கொண்டும் இன்டேக் வால்வு திறந்துகொண்டும் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில் அது வந்து சேர்ந்தால் மிச்சப் புகையை வெளியே இழுத்துவிடும். புதுக் காற்று தாராளமாக உள்ளே வரும். முன்னதாகவோ தாமதமாகவோ வந்தால் பயன் இல்லை, சில வேகங்களில் கெடுதலும் உண்டு.

அலையின் வேகம் புகையின் சூட்டைப் பொறுத்தது. நம் அறையில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். சூடான புகைக்குள் அது ஏறத்தாழ 580 மீட்டர். ஆனால் வால்வுகள் திறந்து மூடும் கால இடைவெளி என்ஜின் வேகத்தோடு மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே ஒரு குழாய் நீளம் ஒரு குறிப்பிட்ட ஆர்.பி.எம். பகுதிக்குத்தான் பொருந்தும். எல்லா வேகத்திலும் பவர் கூட்டும் ஹெடர் என்று விளம்பரம் பார்த்தால் அதை அங்கேயே மூடிவிடலாம்.

நீளத்தை எக்ஸெல்லில் போடலாம்

என்ஜின் வேலை செய்பவர்கள் பல காலமாகப் பயன்படுத்தும் ஒரு தோராயச் சூத்திரம் இருக்கிறது. பிஸ்டன் கீழ்முனையை எட்டுவதற்கு எத்தனை டிகிரி முன்னால் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கிறதோ அதோடு 180-ஐக் கூட்டுங்கள். அதை 850-ஆல் பெருக்கி, ஆர்.பி.எம்.-ஆல் வகுத்து, 3 கழித்தால், கிடைப்பது ஒவ்வொரு பிரைமரி குழாயின் நீளம், அங்குலத்தில். வால்வு 50 டிகிரி முன்னால் திறப்பதாக வைத்துக்கொண்டேன். 180-உம் 50-உம் 230. அதை 850-ஆல் பெருக்க 1,95,500.

இனி எக்ஸெல்லைத் திறந்து நீங்களே செய்து பாருங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸில் உள்ள கால்க் மென்பொருளில் செய்யலாம், இரண்டும் ஒன்றுபோலத்தான். முதல் நெடுவரிசையில் மேலிருந்து கீழாக 3000, 3500, 4000 என்று 7500 வரை அடியுங்கள். 3000-க்கு வலப்பக்கக் கட்டத்தைக் கிளிக் செய்து சமக்குறி போடுங்கள். சமக்குறி போட்டால்தான் இது கணக்கு என்று மென்பொருளுக்குத் தெரியும். பிறகு 195500 என்று கமா இல்லாமல் அடித்து, வகுத்தலுக்கான சாய்கோடு போட்டு, 3000 இருக்கும் கட்டத்தை மவுஸால் கிளிக் செய்யுங்கள். அந்தக் கட்டத்தின் பெயர் தானாக வந்து உட்காரும். அடுத்து கழித்தல் குறி, 3, என்டர். விடை வந்துவிட்டதா? விடை இருக்கும் கட்டத்தின் வலது கீழ் மூலையில் உள்ள சின்னச் சதுரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தால் எல்லா வரிகளும் நிரம்பிவிடும். மூன்றாவது நெடுவரிசையில் இதையே 2.54-ஆல் பெருக்கினால் சென்டிமீட்டர்.

எனக்கு வந்த விடைகள்: 4000 ஆர்.பி.எம்.-க்கு 116 செ.மீ.க்குச் சற்று மேல். 5000-க்கு 92. 6000-க்கு 75. 7000-க்கு 63. அதாவது பள்ளம் இருக்கும் 4000-ஐச் சரிசெய்ய ஒரு மீட்டருக்கும் அதிக நீளமான குழாய் நான்கு வேண்டும். வண்டிக்கு அடியில் அதற்கு இடமே இல்லை. நான் வாங்கிய ஹெடரை ஒரு நாள் இஞ்ச் டேப் வைத்து அளந்தேன். குழாய் ஒவ்வொன்றும் 60 செ.மீ. சொச்சம், நான்கும் ஒரே இடத்தில் ஒன்றாகச் சேரும் வகை. 7000-க்கு ஏற்ற குழாயை வாங்கி மாட்டிவிட்டு 4000-இல் பலன் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்!

இந்தப் பள்ளத்துக்குப் பொதுவாகச் செய்வது நான்கு-இரண்டு-ஒன்று வகை. நான்கு குழாய்கள் முதலில் இரண்டிரண்டாகச் சேர்ந்து, பிறகு ஒன்றாகும். எதை எதோடு சேர்க்கிறார்கள் என்பது முக்கியம். இந்த என்ஜினில் சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை 1-3-2-4. சம இடைவெளியில் இருக்கும் ஜோடிகள் ஒன்றும் இரண்டும், மூன்றும் நான்கும். ஆனால் இது சிலிண்டர்கள் இரு பக்கமும் படுத்திருக்கும் பாக்ஸர் என்ஜின். ஒன்றும் மூன்றும் ஒரு பக்கம், இரண்டும் நான்கும் மறுபக்கம். சரியான ஜோடியைச் சேர்க்கக் குழாய் என்ஜினுக்கு அடியில் குறுக்கே போயாக வேண்டும். அப்படிச் செய்யாமல் பக்கத்தில் இருப்பதையே சேர்த்து, நீளமும் சமமில்லாமல் விட்டால், பழைய சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ். கார்களின் அந்த 'தடக் தடக்' உறுமல் கிடைக்கும். பலர் அந்தச் சத்தத்துக்காகவே சமமில்லாத ஹெடரை வாங்குகிறார்கள். அது அவரவர் ஆசை. அந்தச் சத்தம் பவர் அல்ல என்று தெரிந்து வாங்கினால் சரி.

விட்டத்துக்கும் இதுபோல் ஒரு கணக்கு உண்டு. 500 சி.சி. சிலிண்டருக்கு, மேலே சொன்ன நீளங்களில், உள்விட்டம் சுமார் 1.35 முதல் 1.75 அங்குலம் வருகிறது. இரண்டு அங்குலக் குழாய் பார்ப்பதற்குக் கம்பீரமாக இருக்கும், ஆனால் புகையின் வேகம் குறைந்துபோகும்.

விளம்பர வரைபடத்தைப் படிக்கும் முறை

ஹெடர் விற்பவர்கள் டைனோ வரைபடம் ஒன்று போடுவார்கள். காரை உருளைகள் மேல் நிறுத்தி ஓட்டி, சக்கரத்தில் வரும் பவரை அளப்பதுதான் டைனோ. என்ஜினில் 200 குதிரைத்திறன் இருந்தாலும் கியர்பாக்ஸ், டயர் எல்லாம் கொஞ்சம் தின்றுவிடுவதால், இந்தக் காரில் சக்கரத்தில் பெரும்பாலும் 160-க்கும் 175-க்கும் இடையில்தான் காட்டும்.

அந்த வரைபடத்தில் முதலில் பார்க்க வேண்டியது செங்குத்து அச்சு எங்கே தொடங்குகிறது என்பதை. 150-இல் தொடங்கியிருந்தால் ஐந்து குதிரைத்திறன் வித்தியாசம் மலையும் மடுவும்போலத் தெரியும். எக்ஸெல்லில் சார்ட் போட்டவர்களுக்கு இது புரியும். எண்கள் நெருக்கமாக இருந்தால் எக்ஸெல்லும் சில சமயம் அச்சைத் தானாகவே பூஜ்யத்துக்கு மேல் தொடங்கிவிடும். அச்சின் மேல் ரைட் கிளிக் செய்து, ஃபார்மட் ஆக்சிஸ் போய், மினிமம் என்ற இடத்தில் 0 கொடுத்துப் பாருங்கள். மலை சமவெளியாகிவிடும்.

இரண்டாவது, ஹெடர் மாட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒரே டைனோவில், ஒரே நாளில் அளந்தார்களா? வேறு வேறு இயந்திரங்களின் எண்களை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. மூன்றாவது, ஹெடர் மட்டும்தானா, அதோடு 'டியூன்' என்று காரின் கம்ப்யூட்டர் மென்பொருளையும் மாற்றினார்களா? என் வண்டியில் ஹெடர் மட்டும் போட்டபோது உச்ச எண் 5 கூடியது. டியூனும் சேர்ந்த பிறகு மொத்தம் 14. பெட்டியில் எழுதியிருந்தது 20.

உச்ச எண்ணைவிட எனக்கு வேண்டியது 3000 முதல் 5000 வரை உள்ள சராசரி டார்க். வரைபடத்தைத் திரையில் பெரிதாக்கி, 250 ஆர்.பி.எம்.-க்கு ஒரு புள்ளி வீதம் கண்ணால் படித்து எக்ஸெல்லில் ஏற்றி, ஆவரேஜ் கொடுத்தால் போதும். பத்து நிமிட வேலை. நான் வாங்கிய ஹெடரின் வரைபடத்தில் அந்தச் சராசரி ஒரு சதவீதம்கூட ஏறியிருக்கவில்லை. இதைக் கணக்குப் போட்டது வாங்கி ஒரு வருடம் கழித்து.

காரின் கம்ப்யூட்டர் என்ன சொல்லும்?

இந்தப் பகுதிக்காகத்தான் கட்டுரையே எழுத நினைத்தேன். இன்றைய காரில் என்ஜினை ஆட்டிவைப்பது இ.சி.யு. என்ற கம்ப்யூட்டர். புகையில் எவ்வளவு ஆக்ஸிஜன் மிச்சமிருக்கிறது என்று ஒரு சென்சார் சொல்லும். அதை வைத்து, எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்று இ.சி.யு. நொடிக்கு நொடி முடிவு செய்யும். அடுத்து வருவது கேட்டலிடிக் கன்வர்ட்டர். கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகியவற்றைக் கெடுதல் குறைந்த வாயுக்களாக மாற்றும் பாகம் இது. அதற்குப் பின்னால் இன்னொரு சென்சார் உட்கார்ந்து, கன்வர்ட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று வேவு பார்க்கும்.

என் காரில் முதல் கன்வர்ட்டர் ஹெடரோடு சேர்த்தே செய்யப்பட்டிருக்கிறது. ஆகவே ஹெடரைக் கழற்றினால் கன்வர்ட்டரும் போய்விடும். நான் வாங்கியதில் அந்த இடத்தில் வெறும் குழாய்தான். பொருத்திய கடைக்காரர் "பின்னால் இன்னொரு கன்வர்ட்டர் இருக்கிறது, இந்த ஊரில் சோதனையும் கிடையாது" என்றார். ஃப்ளோரிடாவில் 2000-ஆம் ஆண்டோடு புகைச் சோதனையை நிறுத்திவிட்டது உண்மைதான். ஆனால் சோதனை இல்லாத மாநிலத்திலும், கன்வர்ட்டரை அகற்றுவது அமெரிக்க மத்திய அரசின் தூய காற்றுச் சட்டப்படி குற்றம். அதை நான் தேடிப் பார்க்கவில்லை. தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது, தேடவில்லை என்பதுதான் நிஜம்.

இரண்டே நாளில் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. பிழை எண் பி0420, அதாவது கன்வர்ட்டரின் செயல்திறன் போதவில்லை. டியூன் செய்தவர் அந்தப் பிழையைச் சோதிக்கும் பகுதியையே மென்பொருளில் அணைத்துவிட்டார். விளக்கு அணைந்தது. புகை? ஊரிலிருந்து வந்திருந்த அம்மா காலையில் வண்டியைக் கிளப்பியதும் கேட்டார்: "ஏல, என்ன இது, மண்ணெண்ணெ ஸ்டவ் வாடை அடிக்கி?" எங்கள் குடியிருப்பில் கார்கள் வரிசையாக நிற்கும் இடத்துக்கு நேர் மேலேதான் அடுத்த வீட்டுக்காரரின் படுக்கையறை ஜன்னல். அதன் பிறகு சத்தம் முன்புபோல இனிக்கவில்லை.

நீங்களே பார்ப்பதற்கு வழி இருக்கிறது. 1996 மாடல் முதல் அமெரிக்கக் கார்கள் எல்லாவற்றிலும் ஸ்டியரிங்குக்குக் கீழே ஓ.பி.டி. என்ற 16 பின் சாக்கெட் இருக்கும். இன்று இந்தியாவில் விற்கும் கார்களிலும் இந்தச் சாக்கெட் உண்டு. இ.எல்.எம்.327 என்ற சின்ன அடாப்டரை அதில் செருகினால், யு.எஸ்.பி. அல்லது ப்ளூடூத் வழியாகச் சென்சார் எண்களை லேப்டாப்பில் பார்க்கலாம். பதிவு செய்து சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்தால் எக்ஸெல் நேரடியாகத் திறக்கும். நான் ஓட்ட, நண்பர் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பதிவு செய்தார். தனியாக ஓட்டிக்கொண்டே இதைச் செய்யாதீர்கள்.

பதிவில் இரண்டு நெடுவரிசைகள் போதும். ஒன்று, பின் சென்சாரின் வோல்டேஜ். லைன் சார்ட் போடுங்கள். கன்வர்ட்டர் நன்றாக இருந்தால் கோடு சுமார் 0.6, 0.7 வோல்ட் பக்கம் அமைதியாகப் போகும். கன்வர்ட்டர் இல்லை அல்லது செத்துவிட்டது என்றால் 0.1-க்கும் 0.9-க்கும் இடையில் ரம்பப் பல்போல ஏறி இறங்கும். மற்றொன்று, லாங் டேர்ம் ஃப்யூயல் டிரிம் என்ற சதவீதம். கம்பெனி கணக்கிலிருந்து எவ்வளவு பெட்ரோல் கூட்ட அல்லது குறைக்க வேண்டியிருக்கிறது என்பதே இது. ஹெடர் மாட்டிய பிறகு இது பத்து சதவீதத்தைத் தாண்டி ஏறினால், சென்சாருக்கு முன்னால் எங்கோ ஒரு கேஸ்கெட்டோ வெல்டிங்கோ ஒழுகுகிறது என்று சந்தேகப்படலாம். ஒழுகும் இடத்தில் வெளிக் காற்று உள்ளே போகும். சென்சார் ஏமாந்து ஆக்ஸிஜன் அதிகம் என்று சொல்லும். இ.சி.யு. தேவையில்லாமல் பெட்ரோலைக் கொட்டும். ஹெடரில் சென்சார் திருகும் துளை எங்கே இருக்கிறது என்பதையும் இதனால்தான் வாங்கும் முன் படத்தில் பார்க்க வேண்டும். நான்கு சிலிண்டர் புகையும் கலந்த இடத்தில் அது இருக்க வேண்டும். ரொம்பத் தள்ளிப் போனால் இ.சி.யு.வுக்குச் செய்தி தாமதமாக வரும்.

சான் ஹோசேயில் மாட்டிக்கொண்டேன்

அடுத்த ஆண்டு வேலை கலிஃபோர்னியாவின் சான் ஹோசேக்கு மாறியது. வெளி மாநிலக் காரை அங்கே பதிவு செய்ய ஸ்மாக் செக் என்ற புகைச் சோதனையில் தேற வேண்டும். சோதனைக்காரர் குனிந்து வண்டிக்கு அடியில் டார்ச் அடித்தார். அங்கேயே ஃபெயில். ஓ.பி.டி. சாக்கெட்டில் அவர் இயந்திரத்தைச் செருகியதும் இரண்டாவது ஃபெயில். இது எப்படி என்று எனக்குள் இருந்த மென்பொருள்காரன் விழித்துக்கொண்டான். பிழை எண் ஒன்றுமே இல்லையே!

இணையத்திலிருந்து பெரிய கோப்புகளை டவுன்லோட் செய்யும்போது, சில தளங்களில் செக்சம் என்று ஒரு நீள எண் கொடுத்திருப்பார்கள். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று அதை வைத்துச் சரிபார்க்கலாம். இ.சி.யு. மென்பொருளுக்கும் அப்படி ஓர் எண் உண்டு, சி.வி.என். என்று பெயர். 2021 ஜூலை முதல் கலிஃபோர்னியா சோதனையில் அந்த எண்ணையும் படிக்கிறார்கள். கம்பெனி மென்பொருளாகவோ, அரசு அனுமதித்த மென்பொருளாகவோ இல்லாவிட்டால் தேறாது. விளக்கை அணைத்தவர் இந்த எண்ணை மறைக்க முடியவில்லை.

பழைய கன்வர்ட்டர் ஒன்றை வாங்கிப் போட்டுவிடலாம் என்று நினைத்தால், உபயோகித்த கன்வர்ட்டரை விற்பதற்கே கலிஃபோர்னியாவில் தடை. கம்பெனியின் புது ஹெடர் ஆயிரம் டாலரைத் தாண்டும் என்றார்கள். நல்லவேளை, என் காரின் ஒரிஜினல் ஹெடர் டாம்பாவில் நண்பரின் கராஜில் ஒரு சாக்கில் சுற்றிக் கிடந்தது. பழைய இரும்புக்குப் போடச் சொல்லி நான் இரண்டு முறை போன் செய்திருக்கிறேன். அவர் சோம்பேறித்தனத்தால் போடவில்லை! 90 டாலர் செலவில் பார்சலில் வந்தது. ஒரிஜினல் இ.சி.யு. கோப்பு அடுத்த கவலை. டியூன் செய்த அன்று அதை லேப்டாப்பில் சேமித்திருந்தேன். அந்த லேப்டாப்பை இடையில் ஃபார்மட் செய்துவிட்டேன். பேக்கப் எடுத்த பென் டிரைவ் ஒன்றில், கல்யாண போட்டோக்களுக்கு நடுவே அந்தக் கோப்பு இருந்தது.

இரண்டையும் பழையபடி ஆக்கியதும் உடனே சோதனைக்கு ஓட முடியாது. இ.சி.யு. தன் சுயபரிசோதனைகளை முடிக்க வேண்டும். ரெடினெஸ் மானிட்டர் என்று பெயர். 2000 மாடலுக்குப் பிந்தைய பெட்ரோல் கார்களில், பெட்ரோல் டேங்க் ஆவி சம்பந்தப்பட்ட ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் முடிந்திருந்தால்தான் கலிஃபோர்னியாவில் சோதனை செய்வார்கள். லேப்டாப்பில் ஒவ்வொரு மானிட்டராக 'முடிந்தது' என்று மாறுவதைப் பார்த்துக்கொண்டே நான்கு நாள் ஓட்டினேன். கன்வர்ட்டர் மானிட்டர்தான் கடைசியாக மாறியது. மறுநாள் தேறியது.

இப்போது வாங்குவதாக இருந்தால்

முதல் கேள்வி ஈ.ஓ. எண். வெளிக்கடைப் பாகம் ஒன்று புகைக் கட்டுப்பாட்டைக் கெடுக்கவில்லை என்று கலிஃபோர்னியா காற்று வாரியம் சோதித்துத் தரும் அனுமதி எண் அது. வாரியத்தின் இணையதளத்தில் தேடலாம். எண் இருந்தால் மட்டும் போதாது. அனுமதிக் கடிதத்தைத் திறந்து, உங்கள் காரின் ஆண்டும் மாடலும் என்ஜினும் அந்தப் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கடிதத்தை அச்சடித்து டாஷ்போர்டில் வைப்பது நல்லது. 'ரேஸ் உபயோகத்துக்கு மட்டும்' என்று பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் இருந்தால், அந்தப் பாகம் சாலையில் ஓடும் காருக்கு அல்ல. ஃபோர்டு மஸ்டாங் போன்ற வி8 கார்காரர்களுக்கு இதில் கொஞ்சம் அதிர்ஷ்டம். கன்வர்ட்டரைத் தொடாமல் அதற்கு முன்பே முடிந்துவிடும் ஷார்ட்டி வகை ஹெடர்கள் ஈ.ஓ. எண்ணுடன் கிடைக்கின்றன. லாங் டியூப் வகை பவர் அதிகம் தரும், ஆனால் கன்வர்ட்டரை இடம் மாற்றிவிடும். சிக்கல் அங்கேதான்.

உலோகம் பற்றி ஒரு வார்த்தை. 304 ரகத் துருப்பிடிக்காத எஃகு நல்லது. காந்தம் வைத்துப் பாருங்கள், 304-இல் ஒட்டாது அல்லது லேசாகத்தான் ஒட்டும். சாதாரண எஃகிலும் மலிவான 409 ரகத்திலும் பட்டென்று ஒட்டும். ஆனால் 304 சூட்டில் அதிகம் விரியும். 60 செ.மீ. குழாய் 600 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 6 மி.மீ. நீளும். அதனால்தான் மட்டமான வெல்டிங் ஒரு வருடத்தில் வெடிக்கிறது. வெல்டிங்கை நெருக்கத்தில் காட்டும் படம் போடாத கடையில் நான் வாங்க மாட்டேன்.

இந்த விவரங்களையெல்லாம் நெடுவரிசைகளாகப் போட்டு, என் காருக்குக் கிடைக்கும் ஹெடர்கள் 14-ஐ வரிக்கு ஒன்றாக ஏற்றினேன். டேட்டா மெனுவில் ஃபில்டரைக் கிளிக் செய்து, ஈ.ஓ. எண் நெடுவரிசையில் காலியாக இருப்பவற்றுக்கு டிக் எடுத்துவிட்டேன். வரிகள் மளமளவென்று மறைந்தன. மிஞ்சியவற்றில் சராசரி டார்க் நெடுவரிசையைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தினால், மேலே வருவதற்கும் என் ஒரிஜினல் ஹெடருக்கும் வித்தியாசம் அவ்வளவு பணத்துக்குத் தகுந்ததாக இல்லை. இப்போதைக்கு ஒரிஜினலே ஓடுகிறது. 4000-இல் வண்டி இன்னும் யோசிக்கிறது. லாரியை முந்த நான் ஒரு கியர் குறைத்துக்கொள்கிறேன்.

அந்தப் பளபளக்கும் குழாய் என் பால்கனியில் துணிக் கொடிக்குக் கீழே கிடக்கிறது. ஷீட்டில் அதற்கும் ஒரு வரி வைத்திருக்கிறேன்: விலை 420, ஈ.ஓ. எண் கட்டம் காலி.